ஒரே கூண்டு, தனித்தனி தீர்ப்பு: எம்.கே.டி. வழக்கு சொல்லும் சட்டம்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' ரிலீஸ் ஆனபோது, எம்.கே.தியாகராஜ பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். 1910-ல் மயிலாடுதுறையில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையிலிருந்து 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தவர். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார்.

அதே ஆண்டு நவம்பரில் எல்லாம் தலைகீழானது. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி வந்த 'இந்துநேசன்' பத்திரிகையின் லட்சுமிகாந்தன், 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்ட பலர் கைதானார்கள்.

குத்தியதாக சிலர் மீது குற்றச்சாட்டு. கொலைக்கு சதி செய்ததாக பாகவதர் போன்றவர்கள் மீது குற்றச்சாட்டு. அப்புறம் எப்படி எல்லோருக்கும் ஒரே விசாரணை?

பொதுவாக ஒவ்வொருவருக்கும் தனி விசாரணைதான். ஆனால் குற்றங்கள் ஒரே சம்பவத் தொடரில் நடந்திருந்தால், குற்றச்சாட்டுகள் வேறு வேறாக இருந்தாலும் சேர்த்து விசாரிக்கலாம். குற்றம் செய்தவரையும் தூண்டியவரையும் கூட ஒன்றாக நிறுத்தலாம். சாட்சிகள் திரும்பத் திரும்ப கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படாது. இன்று சேத்தியாத்தோப்பில் ஒரு அடிதடி கேஸில் பத்து பேர் சிக்கினாலும் இதே விதிதான். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 246-வது பிரிவு.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. ஒருவருக்கு எதிரான சாட்சியம், பக்கத்தில் நிற்பவர் மீதும் கறையாக ஒட்டிக்கொள்ளலாம். அதனால்தான் விசாரணை ஒன்றாக நடந்தாலும், ஒவ்வொருவர் மீதான ஆதாரத்தையும் கோர்ட் தனியாக எடைபோட வேண்டும்.

1945 மே மாதம் ஜூரிகள் முன் நடந்த விசாரணை முடிந்தது. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீலும் தள்ளுபடி. இருவரும் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். வழக்கு மறுபடியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

கலைவாணர் மறுபடியும் சினிமாவில் எழுந்து நின்றார். பாகவதரால் முடியவில்லை. 1948-ல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி, 49 வயதில் காலமானார். சட்டம் அவரை நிரபராதி என்று விடுவித்தது. சிறையில் போன இரண்டு வருஷத்துக்கும் மேலான காலத்தை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.