எல்லாப்பிரகட சுப்பாராவ்: மருந்தும் தீவனமும்

டெட்ராசைக்ளின் மாத்திரையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவ்வகை மருந்துகளுள் முதலாவதான ஆரியோமைசின், சுப்பாராவ் தலைமையேற்றிருந்த அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1895-இல் சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த அவர், உடன்பிறந்தோரைக் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர் அமெரிக்கா சென்றார். 1948-இல் ஆரியோமைசின் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவர் காலமானார்.

பின்னர் நிகழ்ந்ததை அவர் காணவில்லை. அம்மருந்து கலந்த தீவனம் கோழிகளை விரைந்து வளர்ப்பதாக 1950-இல் அதே நிறுவனத்தார் அறிவித்தனர். நாள்தோறும் சிறிதளவு மருந்து உண்ணும் கோழியின் குடலில், அம்மருந்துக்கு மடியாத சால்மோனெல்லா போன்ற கிருமிகளே எஞ்சிப் பெருகும். அரைவேக்காட்டு இறைச்சி, முட்டை வழியே அவை நம்மை அடையும்.

பாலிலும் கவனம் தேவை. பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் மாடு வளர்ப்போர், மருந்து செலுத்திய மாட்டின் பாலைக் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாள்வரை விற்கலாகாது. காய்ச்சினால் கிருமி மடியும். மருந்தின் எச்சம் முழுதும் நீங்காது.

வயிற்றுப்போக்கு கண்டவருக்கு முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ இருப்பின் அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் மீந்த பழைய மாத்திரையைக் கொடுக்க வேண்டா.