ரேஸ் கோர்ஸ் திடலில் இறங்கிய ராஸ் ஸ்மித்

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் ரேஸ் கோர்ஸ் சாலை. மீன்தலைக் கறிக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் அந்தப் பக்கம் போகாத தமிழர் நம்மில் குறைவு. ஆனால் அந்தப் பெயரைத் தந்த குதிரைப் பந்தயத் திடலைப் பார்த்தவர்கள் இன்று யாரும் இருக்க வாய்ப்பில்லை. 1933ல் பந்தயங்கள் புக்கிட் தீமாவுக்கு மாறிவிட்டன. மிஞ்சிய நிலம் விளையாட்டுத் திடலாயிற்று. நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரரின் பெயர் அதற்கு வந்தது.

அந்தத் திடல் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது 1942 பிப்ரவரி 17. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் அங்கே ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும், இந்திய தேசிய ராணுவத்துக்கு அங்கே வித்து விழுந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட வரலாறு. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பு அதே புல்வெளியில் நடந்த இன்னொன்றை ஏனோ நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வெளிநாட்டிலிருந்து பறந்து வந்த முதல் விமானம் சிங்கப்பூர் மண்ணைத் தொட்டது அங்கேதான். நாள் 1919 டிசம்பர் 4. அதை ஓட்டி வந்த ராஸ் ஸ்மித்துக்கு அன்றுதான் 27 வயது நிறைந்தது.

அதற்கு முன்பே விமானம் என்ற ஒன்றை அந்த வட்டாரத்து மக்கள் பார்த்திருக்கிறார்கள். 1911 மார்ச்சில் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியர் இதே திடலில் பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஆனால் அது கப்பலில் வந்த விமானம். காட்சி முடிந்ததும் கப்பலிலேயே போயிற்று. ராஸ் ஸ்மித்தோ லண்டனிலிருந்து பறந்தே வந்தார்.

ராஸ் மெக்பர்சன் ஸ்மித் 1892ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரருகே பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், மூட்டூரூ என்ற பெரிய ஆட்டுப் பண்ணையின் நிர்வாகி. நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் போலவே, கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் வெகுதூரத்தில், வேலையாட்களும் விலங்குகளும் சூழ வளர்ந்த சிறுவன் அவர். தோட்டத்து மேலாளர் வீட்டுப் பிள்ளைதான், லயத்துப் பிள்ளை அல்ல. அந்த வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். வளர்ந்ததும் அடிலெய்டில் இரும்புச் சாமான் விற்கும் நிறுவனம் ஒன்றின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். 1914ல் போர் மூண்டிராவிட்டால் அவர் வாழ்க்கை அங்கேயே ஓடியிருக்கும்.

குதிரைப்படை வீரராகக் கலிப்போலியில் போரிட்டார். நோய்வாய்ப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தேறி, எகிப்துக்குத் திரும்பியபின் ஆஸ்திரேலிய விமானப்படையில் சேர்ந்தார். முதலில் பின்னிருக்கையில் அமர்ந்து வேவு பார்க்கும் வேலை, 1917ல் விமானி. பாலஸ்தீனப் போர்முனையில் லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்சின் படைக்குத் துணையாகப் பறந்தவர்களில் அவரும் ஒருவர். வீரச் செயலுக்கான பதக்கங்கள் ஐந்து முறை கிடைத்தன. அதே போரில் கோலின் என்ற சகோதரரை அவர் குடும்பம் இழந்தது.

போர் முடிந்த கையோடு, 1918 டிசம்பரில், ஹேண்ட்லி பேஜ் என்ற பெரிய இரட்டை எஞ்சின் விமானத்தைக் கெய்ரோவிலிருந்து கல்கத்தாவுக்கு ஓட்டி வந்தார். அந்தப் பாதையில் பறந்த முதல் விமானம் அது. ஜிம் பென்னட், வாலி ஷியர்ஸ் என்ற இரு பழுதுபார்ப்புச் சார்ஜெண்டுகள் அப்போது அவருடன் வந்தனர். இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கல்கத்தாவுக்கு அப்பால் விமானம் இறங்க இடம் உண்டா என்று எவருக்கும் தெரியாது. அதைப் பார்த்து வர ராஸ் கப்பல் ஏறினார். விமானங்களுக்கென ஆயிரக்கணக்கான கேலன் பெட்ரோலை ஏற்றியிருந்த அந்தக் கப்பல் சிட்டகாங்கில் தீப்பிடித்து வெடித்தது. உயிர் தப்பியவர் அடுத்த கப்பலைப் பிடித்தார். பர்மா, மலாயா, டச்சுக்காரர் ஆண்ட ஜாவா, திமோர் வரை போய், எங்கே தரை கெட்டி, எங்கே இறங்கலாம் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்பினார். அவர் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கப்பல் பயணம்தான் அவரைக் கரை சேர்த்தது.

1919 மார்ச்சில் ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு பரிசு அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன். ராஸ், விமானப் பயிற்சி பெற்ற தம் அண்ணன் கீத்தை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார். பென்னட்டும் ஷியர்சும் வந்தனர். விக்கர்ஸ் நிறுவனம் விமானம் தந்தது.

அந்த விமானம் விக்கர்ஸ் விமி. போரில் குண்டு வீசுவதற்கென்று கட்டியது. அதே ஆண்டு ஜூனில் ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக் பெருங்கடலை நிற்காமல் கடந்ததும் இவ்வகை விமானத்தில்தான். மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை. மரச்சட்டம், அதன்மேல் துணி. இறக்கையின் நீளம் ஏறக்குறைய 21 மீட்டர். நம் இரண்டடுக்குப் பேருந்துகள் இரண்டை வரிசையாக நிறுத்தினால் அதைவிடச் சற்றே கூடும். 360 குதிரைத்திறன் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் இரண்டு. வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில், நம் விரைவுச்சாலையில் அபராதம் கட்டவேண்டிய வேகம். விமானிகளுக்குக் கூரை கிடையாது. மழை, பனி, வெயில் எல்லாம் முகத்தில்தான். விமானத்துக்குக் கொடுக்கப்பட்ட பதிவெழுத்துகள் ஜி-இஏஓயு. ஆண்டவன் நம் அனைவரையும் காக்கட்டும் என்பதன் சுருக்கம் அது என்று நால்வரும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வேடிக்கையில் உண்மை இல்லாமலில்லை. நவம்பர் 12ஆம் தேதி லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து அவர்கள் புறப்பட்டார்கள். மறுநாள் கிளம்பிய போட்டியாளர் இருவர் சில நிமிடங்களிலேயே விழுந்து இறந்தனர். இன்னொரு விமானம் கிரேக்கக் கடலோரம் விழுந்து அதிலிருந்த இருவரும் மாண்டனர். விமிக்குள் குளிரில் உணவு உறைந்து கல்லாயிற்று. இத்தாலியின் பீசாவில் சேற்றில் சக்கரம் புதைந்தபோது, வால் தூக்கிவிடாதபடி பென்னட் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விமானம் ஓடத் தொடங்கியதும் பின்னால் ஓடி வந்து தாவினார். ஷியர்ஸ் அவரை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கெய்ரோ, பாக்தாத் பக்கம், கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா. கல்கத்தாவிலும் குதிரைப் பந்தயத் திடல்தான் ஓடுதளம். அங்கே மேலெழும்போது இரண்டு பருந்துகள் மோதின. அவற்றில் ஒன்று சுழலும் விசிறியில் அடிபட்டது. விசிறி உடைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அக்யாபில் அவர்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் புலே பிடிபட்டார். ரங்கூனிலும் பந்தயத் திடல்தான். வெள்ளைக்காரன் எங்கே குடியேறினாலும் முதலில் குதிரை ஓட்ட ஒரு திடல் போட்டுவிடுவான். ஆசியாவில் விமானம் வந்த தொடக்க காலத்துக்கு அதுவே உதவியாயிற்று.

பாங்காக்கைத் தாண்டித் தெற்குச் சயாமின் சிங்கோராவில் (இன்றைய சொங்க்லா) அடைமழையில் இறங்கினார்கள். தரையில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் அப்படியே நின்றன. சக்கரங்கள் தப்பின; வாலடியில் இருந்த ஊன்றுகட்டை முறிந்தது. 500 கேலன் பெட்ரோல் காத்திருக்கும் என்று நினைத்தார்கள். இருந்ததோ 500 லிட்டர். பினாங்குக்குத் தந்தி கொடுத்து வரவழைத்தார்கள். முறிந்த கட்டையைச் சார்ஜெண்டுகள் செய்து மாட்டினார்கள்.

அங்கிருந்து கிளம்பித்தான் டிசம்பர் 4 அன்று சிங்கப்பூர் வானில் விமி தெரிந்தது. சிலேத்தார் விமானத்தளம் அப்போது இல்லை. காலாங் விமான நிலையம் திறக்க இன்னும் 18 ஆண்டு இருந்தது. பந்தயத் திடலை மேலிருந்து பார்த்த ராஸுக்கு மனம் கலங்கியது. அவ்வளவு பெரிய விமானத்துக்கு அது மிகச் சிறிய இடம். சுற்றிலும் மரங்கள், வேலிகள், வீடுகள்.

விமியின் சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். தரையைத் தொட்டபின் வேகம் குறைந்து வால் தாழும். அதன் அடியிலுள்ள ஊன்றுகட்டை மண்ணைக் கீறி இழுபட்டால்தான் விமானம் நிற்கும். வால் தாழத் தாமதமானால் திடல் முடிந்துவிடும். எனவே சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஜிம் பென்னட் தம் இருக்கையிலிருந்து வெளியே ஏறினார். பறக்கும் விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிக்கொண்டே வால்வரை போனார். அவருடைய உடல் எடையில் வால் சட்டென்று தாழ்ந்தது. ஏறத்தாழ 100 கெஜத்தில் விமானம் நின்றுவிட்டது. ஒரு மனிதரையே பிரேக்காக வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இறங்கியது அந்த முதல் விமானம்.

அன்றைய அந்த வட்டாரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். சிராங்கூன் சாலை நெடுக மாட்டுக் கொட்டகைகள், பால்காரர்கள், மாட்டு வண்டிகள். இன்று தைப்பூசக் காவடிகள் புறப்படும் பெருமாள் கோயில் அப்போதே அங்கே இருந்தது, இத்தனை பெரிய கோபுரம் இல்லாமல். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் நாள்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தவர்கள் தலைக்குமேல், லண்டனில் கிளம்பி 23ஆம் நாள் ஒரு விமானம் உறுமிக்கொண்டு இறங்கியது.

ஒரு நாள் தங்கி எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டார்கள். டிசம்பர் 6 காலை வேலிகளையும் கூரைகளையும் மயிரிழையில் தாண்டி மேலேறியது விமி. ஜாவாவின் சுராபாயாவில் இறங்கியபோது சக்கரங்கள் சேற்றில் அழுந்திப்போயின. மறுநாள் அவ்வூர் மக்கள் தங்கள் வீட்டு மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து தரையில் விரித்தார்கள். அந்தப் பாய்ப் பாதைமேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. டிசம்பர் 10 பிற்பகலில் டார்வின். புறப்பட்டதிலிருந்து 27 நாள் 20 மணி நேரம். பறந்த நேரம் சுமார் 135 மணி.

ராஸுக்கும் கீத்துக்கும் அரசர் சர் பட்டம் அளித்தார். சார்ஜெண்டுகளுக்குச் சர் பட்டம் இல்லை, பதக்கம்தான். பதவி பார்த்து மரியாதை தரும் காலம் அது. ஆனால் பரிசுப் பணம் ராஸின் கைக்கு வந்தபோது அவர் பதவி பார்க்கவில்லை. 10,000 பவுனை நான்காகப் பிரித்து ஆளுக்கு 2,500 பவுன் கொடுத்தார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்து, பெயர் இன்னொருவருக்குப் போவதைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

அவர் பாதையில் பின்னால் பலர் வந்தார்கள். டார்வினில் அவருக்காக இறங்குதளம் அமைத்துக் காத்திருந்த ஹட்சன் ஃபிஷ், மறு ஆண்டே நண்பர்களுடன் குவான்டாஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1935ல் அந்நிறுவனத்தின் விமானங்கள் சிங்கப்பூருக்கு அஞ்சல் கொண்டுவரத் தொடங்கின.

அதையெல்லாம் பார்க்க ராஸ் இல்லை. உலகைச் சுற்றிப் பறப்பது அவருடைய அடுத்த திட்டம். விக்கர்ஸ் வைக்கிங் என்ற, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய விமானத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தார். 1922 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் அதைச் சோதித்துப் பார்க்க ஏறினார். கூட ஏறியவர் பென்னட். கீத் அன்று வந்து சேரத் தாமதமாகியது. அவர் வந்தபோது விமானம் வானில் இருந்தது. அது சுழன்று விழுவதை அவர் தரையில் நின்று பார்த்தார். இருவரும் பிழைக்கவில்லை. ராஸுக்கு வயது 29.

அவர் உடல் கப்பலில் அடிலெய்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அந்த ஜூனில் அடக்கம் செய்யப்பட்டது. பென்னட்டின் கல்லறை மெல்பர்னில். கீத் 1955ல் காலமானார். ஷியர்ஸ் 1968 வரை இருந்தார். ஜெட் விமானங்கள் அதே பாதையை ஒரே நாளில் கடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே போனார்.

விமி இன்னும் இருக்கிறது. 1957ல் லாரியில் ஏற்றி அடிலெய்டுக்குக் கொண்டுபோகும் வழியில் தீப்பிடித்துப் பாதி கருகியது. மீண்டும் சீரமைத்து அடிலெய்ட் விமான நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். சாங்கியிலிருந்து அங்கே போகும் நம்மவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். இருக்கையிலிருந்து வால்வரை எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்து பாருங்கள். பென்னட் சறுக்கிப் போனது அந்த முதுகின்மேல்தான்.