கடைசிச் சுற்று

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

வென்றவன் பெயரை ஏடு எழுதிக்கொள்கிறது. வெற்றிக் கோட்டுக்கு ஒரு சுற்று முன்புவரை முதலில் ஓடியவனை யார் நினைக்கிறார்கள்? எங்கள் விடுதியில் ஓர் இரவு நெடுநேரம் இந்தக் கேள்வி அடிபட்டது. அதற்கு விடை தேடப்போன இடத்தில் எனக்கு அறிமுகமானவர் ஜிம் கிளார்க். கார்ப் பந்தய உலகம் இன்றும் தலைசிறந்தோர் வரிசையில் வைத்துப் போற்றும் அந்த ஸ்காட்லாந்து வீரரின் வாழ்வை நான் அறிந்த அளவில் இங்கே எழுத விழைகிறேன்.

அன்று 2021ஆம் ஆண்டு டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது இளங்கலை முதலாண்டு மாணவன். அபுதாபியில் அவ்வாண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். லூயிஸ் ஹாமில்டனும் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளிகள் பெற்றுச் சமமாக நின்றனர். ஒரே ஒரு கைப்பேசி. அதைச் சுற்றி எட்டுத் தலைகள். பந்தயத்தின் பெரும்பகுதியில் ஹாமில்டனே முன்னால் இருந்தார். முடியச் சில சுற்றுகளே இருக்கையில் வேறொரு கார் தடுப்பில் மோதிற்று. பாதுகாப்புக் கார் வந்து எல்லாரையும் மெதுவாக நடத்திச் சென்றது. அந்த இடைவெளியில் வெர்ஸ்டாப்பன் புதிய டயர்களை மாட்டிக்கொண்டார். ஓட்டம் மீண்டும் தொடங்கியபோது மீதமிருந்தது ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்றில் அவர் முந்தினார், பட்டம் அவருடையதாயிற்று.

எங்கள் அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உணவுக்கூடத்து அண்ணன் மூன்று முறை அழைத்தும் எவரும் எழவில்லை. விதி மீறப்பட்டது என்றனர் சிலர். பந்தயம் என்றால் அப்படித்தான் என்றனர் வேறு சிலர். பொருளாதாரம் பயின்ற மூத்த மாணவர் ஒருவர், பட்டியலில் பெயர் இருப்பவனே வெற்றியாளன், மற்றதெல்லாம் வீண்பேச்சு என்று முடித்து வைத்தார்.

எனக்கு அந்த முடிவு உறுத்தியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய மாதம் எங்கள் ஊரில் அடைமழை. நிலக்கடலை பறிக்க அப்பா ஆள் சொல்லி வைத்திருந்த வாரம் அது. வயலில் கால்வைக்க முடியாமல் தண்ணீர் நின்றது. காய்கள் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுப் போயின. விதைத்ததில், களையெடுத்ததில், மருந்து அடித்ததில் அப்பா ஒரு குறையும் வைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்தப் போகத்துக்கு எதிரே நட்டம் என்று எழுதியிருந்தது. அப்படியானால் அவர் தோற்றவரா? இதை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் துறைப் பேராசிரியரிடம் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, ஜிம் கிளார்க்கைப் பற்றிப் படித்துப் பார் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

ஜிம் கிளார்க் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. 1936 மார்ச் 4 அன்று ஸ்காட்லாந்தின் பைஃப் பகுதியில் கில்மனி என்னும் சிற்றூரில் பிறந்தார். நான்கு அக்காமார்களுக்குப் பின் பிறந்த ஒரே மகன். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெரிக்ஷயரில், சர்ன்சைடு ஊருக்கு அருகே ஒரு பெரிய பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. பதினாறு வயதில் பள்ளியை விட்டு நின்று பண்ணை வேலையில் இறங்கினார். ஆடு வளர்ப்பும் பயிர்த்தொழிலும் அவர் கைக்குப் பழகின. பெற்றோருக்குக் கார்ப் பந்தயம் கொஞ்சமும் பிடிக்காது. 1956இல் நண்பர் ஒருவரின் காரை வாங்கி ஓட்டியதே அவருடைய முதல் பந்தயம். மேடையில் பேசக் கூசுவார். நகம் கடிக்கும் வழக்கம் உண்டு. காரில் அமர்ந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு.

1958 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயச் சாலையில், லோட்டஸ் கார் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் ஓட்டிய பந்தயத்தில் கிளார்க்கும் ஓட்டினார். சாப்மனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். அந்தச் சந்திப்பு இருவர் வாழ்வையும் பிணைத்துவிட்டது. 1960இல் கிளார்க் லோட்டஸ் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். இறுதிவரை வேறெந்த அணிக்காகவும் அந்தப் பந்தயங்களில் அவர் ஓட்டியதில்லை.

அக்காலத்துப் பந்தயம் இன்றுள்ளது போன்றதன்று. தடுப்புச் சுவர்கள் குறைவு. மரங்களும் வேலிகளும் சாலையை ஒட்டியே நிற்கும். அவர் ஓட்டிய இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம் பெல்ஜியத்தின் ஸ்பாவில் நடந்தது. அன்று இரு வீரர்கள் மாண்டனர். ஒருவர் அவருடைய அணித் தோழரான ஆலன் ஸ்டேசி. அதன்பின் ஸ்பா என்றாலே கிளார்க்குக்கு வெறுப்பு. ஆயினும் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அங்கே வென்றவர் அவரே. 1961இல் இத்தாலியின் மான்சாவில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஜெர்மானியர் வான் டிரிப்ஸின் காரும் கிளார்க்கின் காரும் உரசிக்கொண்டன. வான் டிரிப்ஸும் பார்வையாளர் பதினைந்து பேரும் உயிரிழந்தனர். விசாரணை நடந்தது; கிளார்க் மேல் குற்றம் இல்லை என்றாயிற்று. பட்டப் போட்டியைப் பற்றிப் பேசும்போது இந்த விலையையும் மறக்கக் கூடாது என்று எண்ணுகிறேன்.

இனி அந்தக் கடைசிச் சுற்றுகளின் கதைக்கு வருகிறேன். 1962ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயம் டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் நடந்தது. வென்றால் பட்டம் கிளார்க்குக்கு; இல்லையேல் கிரஹாம் ஹில்லுக்கு. மொத்தம் 82 சுற்றுகள். தொடக்கம் முதல் கிளார்க்கே முன்னால். ஏறத்தாழ இருபது சுற்றுகள் இருக்கும்போது அவருடைய காரிலிருந்து புகை கிளம்பிற்று. சிறு போல்ட் ஒன்று கழன்று விழுந்து, அந்த வழியே எண்ணெய் ஒழுகிவிட்டது. பட்டம் ஹில்லுக்குப் போயிற்று.

மறு ஆண்டு கிளார்க் பத்துப் பந்தயங்களில் ஏழை வென்று சாம்பியன் ஆனார். சிறந்த ஆறு முடிவுகளே கணக்கில் சேரும் என்பது அன்றைய விதி. ஆறுக்கும் முதலிடமே, ஆகவே பெறக்கூடிய முழு எண்ணான 54 புள்ளிகளையும் அவர் பெற்றார்.

1964 அக்டோபர் 25. மெக்சிகோவில் ஆண்டின் கடைசிப் பந்தயம். ஹில்லிடம் 39 புள்ளிகள், ஃபெராரி அணியின் ஜான் சர்ட்டீஸிடம் 34, கிளார்க்கிடம் 30. முதலிடத்துக்கு 9 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 6, மூன்றாமிடத்துக்கு 4. கிளார்க் வென்றால் 39 ஆகி ஹில்லோடு சமமாவார். வெற்றிகளின் எண்ணிக்கை அவருக்கே அதிகம் என்பதால் பட்டமும் அவருக்கே. பந்தயத்தின் நடுவே சர்ட்டீஸின் அணித் தோழர் பாண்டினியின் கார் ஹில்லின் கார் மீது இடித்து, ஹில் பின்தங்கிப் போனார். கிளார்க் முதலில், அமெரிக்கர் டான் கர்னி அடுத்து, பாண்டினி மூன்றாவது, சர்ட்டீஸ் நான்காவது. அப்படியே முடிந்தால் போதும்.

முடியச் சில சுற்றுகள் இருக்கையில் ஒரு வளைவில் சாலைமேல் எண்ணெய்க் கோடு ஒன்றைக் கிளார்க் கண்டார். யாருடைய காரோ ஒழுகுகிறது என்று நினைத்து, அடுத்த முறை அதை விட்டு விலகிச் சென்றார். அதற்கடுத்த முறை வந்தபோது, தாம் விலகிச் சென்ற தடத்திலும் எண்ணெய்க் கோடு இருந்தது. ஒழுகியது அவருடைய கார்தான். கடைசிச் சுற்றில் என்ஜின் இறுகி நின்றது. அந்தக் கணத்தில் பட்டம் ஹில்லுடையது. ஆனால் ஃபெராரி அணியினர் பாண்டினிக்குச் சைகை காட்ட, அவர் வேகத்தைக் குறைத்துச் சர்ட்டீஸுக்கு வழிவிட்டார். சர்ட்டீஸ் இரண்டாமிடம் பெற்று, 40 புள்ளிகளுடன் ஒரே புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். இரண்டே சுற்றுகளுக்குள் ஒரு பட்டம் மூவர் கைக்கு மாறியது! எங்கள் விடுதி அன்று இருந்திருந்தால் ஒரு வாரம் யாரும் உறங்கியிருக்க மாட்டோம்.

மூன்றாண்டுகளுக்குள் இருமுறை, தம் பிழை ஏதுமின்றி, எண்ணெய்க் கசிவால் பட்டம் இழந்த மனிதர் அடுத்து என்ன செய்தார்? 1965 மே 31 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் முன்னணியில் ஓடி வென்றார். அதற்காக மொனாக்கோ பந்தயத்தையே விட்டுவிட்டுப் போயிருந்தார். அப்படியும் அவ்வாண்டு உலகப் பட்டம் அவருக்கே. இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் வென்றவர் வேறொருவர் இல்லை.

அந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஜூலை மாதம் சில்வர்ஸ்டோனில் நடந்த பந்தயம். மீண்டும் அதே தொல்லை; எண்ணெய் குறைந்து, அழுத்தம் வீழ்ந்தது. இம்முறை கிளார்க் வளைவுகளில் என்ஜினை அணைத்துவிட்டுக் காரை ஓடவிட்டார்; நேர்ச்சாலை வந்ததும் மீண்டும் இயக்கினார். பின்னால் ஹில் நெருங்கிக்கொண்டே வந்தார். 3.2 விநாடி வித்தியாசத்தில் கிளார்க் வென்றார். முன்பு தம்மைத் தோற்கடித்த அதே குறையோடு சேர்ந்தே ஓட அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகும் கடைசிச் சுற்று அவரை விடவில்லை. 1967இல் மான்சாவில் டயர் காற்றிறங்கி முழுதாக ஒரு சுற்றுப் பின்தங்கினார். அந்தச் சுற்றையும் மீட்டு முதலிடத்துக்கே வந்தார். இறுதிச் சுற்றில் எரிபொருள் எட்டாமல் மூன்றாவதாக முடித்தார். பட்டியலில் அன்று அவருக்கு மூன்றாமிடமே. ஆனால் அவருடைய பெயரைச் சொல்வோர் பலரும் அந்தப் பந்தயத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

1968 ஜனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவில் தமது 25ஆவது வெற்றியைப் பெற்று, ஃபாஞ்சியோவின் 24 வெற்றிகளைக் கடந்தார். 72 பந்தயங்களில் 25 வெற்றிகள்! அதுவே அவருடைய கடைசி ஃபார்முலா ஒன் பந்தயமும் ஆயிற்று. ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஃபார்முலா டூ பந்தயம் ஒன்றில் அவருடைய கார் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. 32ஆம் வயதில் அவர் மறைந்தார். பின்சக்கர டயரில் காற்றிறங்கியதே காரணம் எனப் பெரிதும் கருதப்படுகிறது.

சர்ன்சைடு தேவாலயத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். கல்லறைக் கல்லில் அவரைப் பற்றி முதலில் பொறித்திருப்பது உழவர் என்னும் சொல். உலகச் சாம்பியன், இண்டியானாபொலிஸ் வெற்றியாளர் என்பவை அதற்குப் பின்னரே வருகின்றன. இதைப் படித்த அன்று நான் நூலக மேசையிலிருந்து எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று.

மூத்த மாணவர் சொன்னது பொய்யன்று. பட்டியல் பட்டியல்தான், 1962இல் ஹில், 1964இல் சர்ட்டீஸ். அவர்களும் தகுதியால் வென்றவர்களே. ஆனால் ஓர் ஆண்டின் முடிவை மட்டும் சொல்லக்கூடியது பட்டியல். அடுத்த ஆண்டு அந்த மனிதன் என்ன செய்தான் என்பதை அவன் வாழ்க்கைதான் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அப்பா மார்கழிப் பட்டத்துக்கு நிலத்தை உழுதுவிட்டு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இம்முறை வயலின் தாழ்ந்த பக்கத்தில் புதிதாக ஒரு வடிகால் வெட்டியிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கடலை உடைத்தேன்.