சுடுதலும் எரிதலும்: ஹீத் துரையின் வாழ்வு

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் கள்ளக்குறிச்சி மண்ணை வளப்படுத்தி வெள்ளாற்றில் கலக்கின்றன. அவ்வெள்ளாறு கடலைத் தழுவும் இடம் பரங்கிப்பேட்டை. மலைக்கு மேற்கே சேலம். சேலத்துக் கனிமத்தையும் பரங்கிப்பேட்டைக் கடல்துறையையும் இரும்புத் தொழிலால் இணைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். உலோகத்தைச் சுடுவது வேறு, எரிப்பது வேறு என்னும் உண்மையை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

இரும்பும் எரியுமோ என ஐயுறலாம். எரியும். பழுக்கக் காய்ந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்சிசனோடு கூடுவதால்தான் கொல்லன் உலையில் அதன்மேல் கருஞ்செதில் படிந்து உதிர்கிறது. பெருங்கட்டியில் வெப்பம் உள்ளே பரவிவிடும். காற்றுத் தொடும் பரப்பும் குறைவு. ஆதலின் அது பற்றிக்கொள்வதில்லை. அரத்தூளைத் தீயில் தூவினாலோ ஒவ்வொரு துகளும் பொறியாய் எரிகிறது. ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, தூய ஆக்சிசனைப் பாய்ச்சினால் கனத்த தகடும் எரிந்து அறுபடும். பட்டறைகளில் நாம் காணும் வாயுவெட்டு இதுவே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகச் சேலத்தில் இருந்த ஹீத், நம் கொல்லர் எஃகு செய்யும் முறையைக் கூர்ந்து நோக்கினார். மண்குகையில் இரும்புத் துண்டுகளையும் ஆவாரங் குச்சிகளையும் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துச் சுட்டனர். காற்றுப் புகாமையால் இரும்பு எரியவில்லை. கரியை ஏற்று எஃகாயிற்று. 1839இல் இம்முறையை ஹீத் கட்டுரையாக எழுதி அறிஞருலகிற்கு அறிவித்தார்.

அதற்கு முன்பே, 1830இல், பரங்கிப்பேட்டையில் அவர் இரும்பாலை தொடங்கியிருந்தார். சேலத்துக் கனிமமும் காட்டு மரக்கரியும் அங்கே சேர்ந்தன. எனினும் எதிர்பார்த்த ஊதியம் கிட்டவில்லை, கைப்பொருள் கரைந்தது.

பின்னர் இங்கிலாந்தில், உருகிய எஃகில் சிறிதளவு மாங்கனீசுக் கார்பைடைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். உருகிய எஃகில் தங்கும் ஆக்சிசனும் கந்தகமும் அடிக்கும்போது அதனை வெடிக்கச் செய்யும். மாங்கனீசோ இரும்பை முந்திக்கொண்டு ஆக்சிசனோடு கூடும், கந்தகத்தையும் பிணைக்கும். சுருங்கக் கூறின், இரும்பு எரியாதிருக்கத் தான் எரியும். இதனால் மலிவான இரும்பும் நல்ல எஃகாயிற்று.

ஆயின் அவருடைய முகவராக இருந்தவரே, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே குகையில் இட்டு அதே பயனைப் பெற்றார். வழக்கு நீண்டது. 1851இல் ஹீத் மறைந்தார். 1855இல் பிரபுக்கள் அவையின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே அமைந்தது.

காப்புரிமை பெற்றவர்க்கே பயன் கிட்டவில்லை. அவர்க்குக் குகையின் நுட்பத்தைக் காட்டிய கொல்லர்க்கோ பெயர்கூட எஞ்சவில்லை. மாணவச் செல்வங்களே, உங்கள் ஊர் உலைக்களத்தில் எஞ்சியிருக்கும் சொற்களையும் செய்முறைகளையும் இன்றே எழுதி வையுங்கள். தமிழ் கற்ற நாம் அவர்க்குச் செலுத்தவேண்டிய கடன் அதுவே.