ஒரு பாட்டால் வாழ்பவர்

சங்கத் தொகை நூல்களைக் கற்போர் ஒன்றைக் கண்டு வியப்பர். கபிலர், பரணர் போலப் பல பாட்டுப் பாடியோர் நடுவே, ஒரே பாட்டால் அறியப்படும் புலவர் பலரும் ஒப்ப வீற்றிருக்கின்றனர். குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர்தானும் நமக்கு எஞ்சவில்லை. பாட்டில் வந்த உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் எனப்படுகின்றார். ஒரு பாட்டுத்தானே பாடினார் என்று அவரை இகழ்வார் எவருமிலர். இந்நீதியை மெல்லிசைப் பாடகர்க்கும் வழங்குதல் தகும் என்பது என் கருத்து. அதுபற்றியே, டிஸ்கோ என்னும் ஆடலிசை ஓங்கியிருந்த காலத்துப் பாடகியாகிய நாசியா ஹசன் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றேன்.

அம்மையார் 1965 ஏப்ரல் 3இல் கராச்சியிற் பிறந்து, இளமையில் இலண்டனிலும் வளர்ந்தவர். அந்நகரிலே இந்தி நடிகர் பெரோஸ் கான் அவரைக் கண்டு, தாம் எடுத்த ‘குர்பானி’ என்னும் படத்திற்குப் பாடுவித்தார். ‘ஆப் ஜைசா கோயி’ என்னும் அப்பாட்டிற்கு இசையமைத்த பித்து, பெங்களூரில் தோன்றி இங்கிலாந்து சென்று பெயர் பெற்றவர். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடி உலகெங்கும் ஒலித்த குங்பூப் பாட்டும் அவர் தயாரித்ததே. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்புதற்கென விரைந்து பதிவுசெய்யப்பட்ட அதுவே டக்ளஸின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றது!

‘குர்பானி’ 1980இல் வெளிவந்தபோது நாசியா பதினைந்து வயதுச் சிறுமி. பயின்று முதிர்ந்த குரல்களுக்குப் பழகிய செவிகளுக்கு, சற்றே மூக்கொலி கலந்த அந்த இளங்குரல் புதுமையாயிற்று. 1981இல் பிலிம்பேர் விருதும் அவரை அடைந்தது.

அப்பாட்டு எங்கள் இரணைமடுவுக்கும் வந்தது. அந்நாளில் யான் சிறுவன். கலியாண வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கிக்காரர் பக்திப்பாடல்களை முடித்ததும் அதனை ஒலிக்கவிடுவார். இந்தியில் ஒரு சொல்லும் அறியாத கமக்காரர் மக்கள் நாங்கள். சொற்களை எங்கள் வாய்க்கேற்பத் திரித்துப் பாடிக்கொண்டு குளக்கட்டு வழியே செல்வோம். பொருளற்ற பாட்டென்று பெரியோர் சிலர் கடிந்தனர். தாலாட்டுக் கேட்கும் குழந்தை பொருளறிந்தா கேட்கின்றது?

நிற்க. அம்மையார் ஒரு பாட்டோடு நின்றவரல்லர். தம்பி சொகேப்புடன் 1981இல் ‘டிஸ்கோ தீவானே’ என்னும் இசைத்தொகுப்பையும், பின்னர் வேறு சிலவற்றையும் வெளியிட்டார். இலண்டனில் சட்டம் பயின்றார். ஐக்கிய நாடுகள் சபையிலும் பணிபுரிந்தார். 1992இல் வந்த இறுதித் தொகுப்பைப் போதைப்பொருள் எதிர்ப்புப் பணியோடு இணைத்தார். நுரையீரற் புற்றுநோய் பற்ற, 2000 ஓகஸ்ட் 13இல் இலண்டனில் மறைந்தார். அப்போது அகவை முப்பத்தைந்தே. 2002இல் பாகிஸ்தான் அரசு அவர்க்கு உயர் விருதளித்தது, பெறுதற்கு அவரில்லை.

இவ்வளவும் இருக்க, எங்கள் ஊரில் அவர் ஒரு பாட்டுக்கே உரியவர். இதனை அவர்க்கு நேர்ந்த குறையாக யான் கருதவில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரிகள் வருதல் தடைப்பட்டிருந்தது. சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட காலம் அது. ஒருவர் சுழற்ற ஒருவர் கேட்பர். கை சோர்ந்தால் பாட்டும் இழுபட்டுச் சோரும். அத்துணை உழைப்பிற்கும் தகுதியுடையதாக எங்கள் இளைஞர் தெரிந்தெடுத்த பாட்டுக்களுள் இதுவும் ஒன்று. 2009இல் வீடிழந்து மீண்டபோது என் ஏடுகளும் நூல்களும் இல்லை, ஒலிநாடாக்களும் இல்லை. நாவிற் பதிந்த அப்பாட்டு மட்டும் இருந்தது.

எல்லாம் அழிந்தபின் எஞ்சும் ஒன்றை, ஒன்றுதானே என்று எண்ணுதல் இயலாது. செம்புலப்பெயனீரார் வேறு எத்தனை பாடினாரோ! காலம் கொண்டுபோகாது விட்ட ஒன்றே அவரை நமக்குத் தந்தது. மாணவர்காள், ஒற்றைப் பாட்டுக்காரர் என்று எவரையேனும் நகைக்கக் கேட்பின், குறுந்தொகையை விரித்து நாற்பதாம் பாட்டைக் காட்டுங்கள்.