1,300 வருட நம்பிக்கையை உடைத்த தாடை எலும்பு!

ஒரு நிமிஷம் ஒதுக்குங்க. தாடையின் நடுவுல விரலை வெச்சு, ரெண்டு காது வரைக்கும் மெதுவா அழுத்திப் பாருங்க. நடுவுல எங்கேயாவது மூட்டு தட்டுப்படுதா? படாது. கீழ்த்தாடை ஒரே எலும்பு.

ஆனா ஐரோப்பாவின் மருத்துவ மாணவர்கள் சுமார் 1,300 வருஷமா அது ரெண்டு எலும்புனுதான் படிச்சாங்க. காரணம், ரோமாபுரியில் வாழ்ந்த மருத்துவர் கேலன் அப்படி எழுதி வெச்சிருந்தார். அந்தப் பாடத்தைத் திருத்தியவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ்.

1514-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். அப்பா, பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு மருந்து தயாரித்துக் கொடுத்தவர். பாரிஸில் மருத்துவம் படிச்சப்போ, வெசாலியஸுக்குக் கல்லறைத் தோட்டம்தான் நூலகம். குவிந்து கிடந்த எலும்புகளை மணிக்கணக்கா ஆராய்வார். கண்ணைக் கட்டிவிட்டாலும், கையால் தடவியே எந்த எலும்புனு சொல்லிடுவாராம்!

தூக்குமரத்தில் ஒரு பாடம்

போர் காரணமா படிப்பைப் பாதியில் விட்டு லூவெய்னுக்குத் திரும்பினார். அங்கே ஊருக்கு வெளியே, தண்டிக்கப்பட்டவர்களின் உடல்களை அப்படியே விட்டுவைக்கும் இடம் ஒண்ணு இருந்தது. ஒரு உடலில் தசையெல்லாம் போய், எலும்பும் தசைநாரும் மட்டும் மிச்சம். கை, கால்களைக் கழற்றி ரகசியமா வீட்டுக்குக் கொண்டு போனார். உடம்புப் பகுதி சங்கிலியில் கட்டியிருந்தது. அதை எடுக்க, கோட்டைக் கதவு சாத்தின பிறகும் ராத்திரி வெளியிலேயே தங்கினார். மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எலும்புகளை வேகவெச்சு, சுத்தம் பண்ணி, முழு எலும்புக்கூடா கோத்தார்.

1537-ல், 23 வயசு நிறையும் முன்பே, இத்தாலியின் பதுவாவில் பேராசிரியர். அந்தக் காலத்தில் பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பார். உடலை அறுப்பது வேறொருவர். வெசாலியஸ் கீழே இறங்கி, தானே கத்தியைப் பிடிச்சார்.

கேலன் பார்த்தது யாரை?

மனித எலும்புகளையும் குரங்கின் எலும்புகளையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டப்போ விஷயம் புரிஞ்சது. கேலன் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் விலங்குகளை! நாய்க்குக் கீழ்த்தாடை ரெண்டு துண்டுதான். மார்பெலும்பில் ஏழு பகுதிகள்னு கேலன் சொன்னார், மனுஷனுக்கு மூணுதான். ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவுங்கிற நம்பிக்கையும் தப்பு. ரெண்டு பேருக்குமே 12 ஜோடி.

1543-ல், 28 வயசில், மனித உடலமைப்பு பற்றிய அவரோட பெரிய நூல் பாசெல் நகரில் அச்சானது. ஏழு பகுதிகளில் முதல் பகுதியே எலும்புகள்தான். கூடாரத்துக்குக் கம்பு எப்படியோ, உடம்புக்கு எலும்பு அப்படிங்கிறது அவர் பார்வை. தசை பிடிச்சுக்க எலும்பு வேணும், அசைய மூட்டு வேணும். அதனால படிப்பு அங்கிருந்துதான் தொடங்கணும். நூலில் இருக்கும் எலும்புக்கூடுகள் சும்மா நிற்காது: ஒண்ணு மண்வெட்டியைப் பிடிச்சிருக்கும், இன்னொண்ணு ஒரு மண்டையோட்டைப் பார்த்து யோசனையில் இருக்கும்.

பாராட்டு மட்டுமா வந்தது? பாரிஸில் அவருக்குப் பாடம் எடுத்த சில்வியஸே எதிரியானார். கேலன் தப்பே செய்யலையாம், அவருக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிப்போச்சாம்! மனம் வெறுத்த வெசாலியஸ், தன் குறிப்புகளைத் தீயில் போட்டார். ஆராய்ச்சியை விட்டுட்டு அரசவை மருத்துவரானார்.

1564-ல் ஜெருசலேம் போய்த் திரும்பும் வழியில், கிரேக்கத் தீவான ஜாகிந்தோஸில் இறந்தார். வயசு 49. அவர் எலும்புகள் எங்கே இருக்குனு இன்னிக்கும் யாருக்கும் தெரியாது. ஆனா, 1543-ல் பாசெலில் தண்டனை பெற்ற ஒரு குற்றவாளியின் உடலிலிருந்து அவர் கோத்த எலும்புக்கூடு, அந்த ஊர் உடற்கூறு அருங்காட்சியகத்தில் இன்னமும் இருக்கு.

பெரிய ஆள் சொன்னார்ங்கிறதுக்காக ஒரு தகவலை ஃபார்வர்டு பண்ணும் முன்னாடி, வெசாலியஸை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. தொட்டுப் பார்த்தாலே தெரியுற ஒரு விஷயத்தை, ஐரோப்பா 1,300 வருஷம் சரிபார்க்கவே இல்லை!