பத்தொன்பது வயதுக்குப் பின் ஜெர்மன் படிக்கக் கற்ற மீனியல் அறிஞர்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில், முதுகில் பாய் விரித்த மயில் மீனைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்கு இஸ்டியோஃபோரஸ் பிளாட்டிப்டெரஸ் என்றொரு பெயர் உண்டென்பதை இக்கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இலத்தீன் பெயர்கள் வாயில் நுழையாமல் விலங்கியலையே விட்டுவிட எண்ணியிருந்த நேரத்தில்தான் மார்க்கஸ் எலியேசர் பிளாக்கின் வரலாறு கைக்குக் கிடைத்தது.

1723இல் ஜெர்மனியின் அன்ஸ்பாக்கில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயது வரை ஜெர்மன் மொழி படிக்கத் தெரியாதவர்! பின்னர் அதையும் இலத்தீனையும் கற்று, பெர்லினில் மருத்துவரானார். மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கியதோ ஐம்பதைக் கடந்த பிறகுதான். 1782 முதல் 1795க்குள் பன்னிரண்டு தொகுதிகள், 432 படங்கள்.

நம் கடல் மீன்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன? கொள்ளிடத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார் அனுப்பி வைத்தார். நன்றிக்கடனாக ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயரிட்டார் பிளாக். சிதம்பரம் மார்க்கெட்டில் கத்தாழை வாங்குவோர் இதை அறிவார்களோ, என்னவோ!

மயில் மீனில் மட்டும் அவர் சறுக்கினார். 1793இல் அதைக் கானாங்கெளுத்தி வகையோடு ஸ்காம்பர் பேரினத்தில் சேர்த்து, கிளேடியஸ் எனப் பெயரிட்டார். ஆனால் 1792லேயே ஷா என்னும் ஆங்கிலேயர் அதை வாள்மீனோடு சேர்த்து, பிளாட்டிப்டெரஸ் எனப் பெயர் வைத்திருந்தார். இருவர் சேர்த்த இடமும் நிலைக்கவில்லை. இன்று அம்மீனுக்குத் தனிப் பேரினம். ஆயினும் முந்திய பெயரே செல்லும் என்பது விதியாதலால், ஷா வைத்த பெயர் நின்றது.

1799இல் பிளாக் மறைந்தார். அவர் சேர்த்த மீன்களில் எஞ்சியவை பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.